பழைய ப்ரூச்சின் பின்பக்கத்தைப் படிக்க 10 மடங்கு லூப் போதும்

மடக்கும் வகை ட்ரிப்லெட் லூப், அதாவது கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி, 10 மடங்கு, லென்ஸ் விட்டம் 21 மில்லிமீட்டர், கறுப்பு உறை. பழைய ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை) சேர்க்க ஆரம்பிப்பவர்கள் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், இரண்டாவது ப்ரூச் வாங்கும் முன்பே.

30 மடங்கு, 40 மடங்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். உருப்பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும், வெளிச்சமும் குறையும், கை லேசாக அசைந்தாலே எல்லாம் கலங்கிவிடும். அதோடு அந்த எண்ணை எழுதி விற்கும் மலிவு லூப்கள் பல அந்த அளவுக்குப் பெரிதாக்குவதே இல்லை. ட்ரிப்லெட் என்றால் மூன்று லென்ஸ்களை ஒட்டிச் செய்தது. ஒற்றை லென்ஸில் ஓரங்கள் வளைந்தும் வண்ணக்கோடு படிந்தும் தெரியும், இதில் அந்தத் தொந்தரவு இல்லை. வாங்கியவுடன் ஒரு வரைபடத் தாளைப் பாருங்கள், கட்டங்களின் கோடுகள் விளிம்பு வரை நேராக இருந்தால் நல்ல லென்ஸ்தான். பளபளக்கும் குரோம் உறையைவிடக் கறுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் உறையின் மினுக்கம் கல்லில் விழாது.

சரி, இதை வைத்து என்ன பார்க்கலாம்? முதலில் கொக்கி. பாதுகாப்புப் பூட்டு எதுவும் இல்லாமல் சும்மா வளைந்த கொக்கியும், குழாய் போன்ற கீலும், ப்ரூச்சின் விளிம்பைத் தாண்டி நீளும் ஊசியும் சேர்ந்து இருந்தால் 19ஆம் நூற்றாண்டுப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். சுழன்று மூடிக்கொள்ளும் பாதுகாப்புக் கொக்கி 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. ஆனால் கொக்கியை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. உடைந்த ஊசியைப் பிற்காலத்தில் மாற்றியிருப்பார்கள், அதைக் காட்டிக்கொடுப்பதும் இந்த லூப்தான். கீலைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஈயப் பற்றவைப்பு திட்டுத்திட்டாகத் தெரியும், பழைய கீல் இருந்த இடத்தின் தடமும் சில சமயம் அப்படியே இருக்கும்.

அப்புறம் முத்திரைகள், எனக்கு இதில்தான் நேரம் போவதே தெரியாது. வெறும் கண்ணுக்குக் கீறல் போலத் தெரிவது லூப்பில் முன்னங்காலைத் தூக்கி நடக்கும் சிங்கமாக மாறும், அது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் வெள்ளியைச் சோதித்து முத்திரையிட்ட ஊர் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், கூடவே இருக்கும் ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். வைர வடிவக் கட்டத்துக்குள் எழுத்துகளும் எண்களும் இருந்தால் அது 1842 முதல் 1883 வரை வழக்கில் இருந்த பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவுக் குறி. அது வடிவத்தைப் பதிவு செய்த தேதி, அந்த ப்ரூச்சைச் செய்த தேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விலையுயர்ந்த உலோகமோ கல்லோ இல்லாமல் செய்த அமெரிக்க அலங்கார நகைகளிலும் இதே கதைதான். ட்ரைஃபாரி என்ற நிறுவனப் பெயரோடு © என்ற பதிப்புரிமைக் குறியும் சேர்ந்து இருந்தால் பொதுவாக 1955க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த ஆண்டுதான் அந்த நிறுவனம் தொடுத்த வழக்கில் அலங்கார நகைக்கும் பதிப்புரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. அதே நிறுவனத்தின் 1940களின் ப்ரூச்சில் ஸ்டெர்லிங் என்று பொறித்திருந்தால் அதற்குக் காரணம் போர், வழக்கமான உலோகங்கள் படைக்குப் போய்விட்டதால் வெள்ளியில் செய்தார்கள். கல்லின் மேல் வானவில் பூச்சு மின்னினால் அந்தக் கல் 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது, ஆகவே விற்பவர் 1930கள் என்று சொன்னால் ஒன்று கல்லை மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் தேதி தவறு.

இறந்தவர் நினைவாக அணியும் துக்க ப்ரூச்களை நான் மிகவும் விரும்புகிறேன். 1861இல் ஆல்பர்ட் இளவரசர் இறந்தபின் விக்டோரியா அரசி வாழ்நாள் முழுக்கக் கறுப்பு உடுத்தினார், இங்கிலாந்தின் விட்பி ஊரில் செய்த ஜெட் என்ற கறுப்புப் பொருளின் நகைகளுக்கு அந்தக் காலத்தில் பெரிய கிராக்கி. ஜெட் என்பது புதைந்து மாறிய மரம், அதனால் எடை குறைவு, தொட்டால் கண்ணாடி போலச் சில்லென்று இருக்காது. லூப்பில் பார்த்தால் செதுக்கிய உளித்தடம் தெரியும். அச்சில் வார்த்த வல்கனைட்டில் (கடினமாக்கிய ரப்பர்) உளித்தடத்துக்குப் பதில் மழுங்கிய விளிம்புதான் இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறியும் இருக்கலாம். கண்ணாடிக்கு அடியில் இறந்தவரின் முடியைப் பின்னி வைத்த ப்ரூச்சைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிகிறது, யாரோ ஒருவர் அதைப் பொறுமையாகப் பின்னியிருக்கிறார் என்று நினைத்தால் அதைக் கீழே வைக்க மனம் வராது.

குறைகளும் உண்டு. 10 மடங்கில் பொருள் லென்ஸிலிருந்து ஓர் அங்குலத் தொலைவில்தான் தெளியும், லூப்பைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு ப்ரூச்சை நெருக்கிக் கொண்டுவரப் பழக வேண்டும். மடக்கும் இடத்துத் திருகு நாளாக ஆகத் தளர்கிறது. எல்ஈடி விளக்கு வைத்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒளி நேராக விழுந்து பளபளப்பான உலோகத்தில் கூசுகிறது, முத்திரையைப் படிக்கப் பக்கவாட்டு வெளிச்சம்தான் நல்லது. லென்ஸைத் துடைக்க மென்மையான துணி போதும். ஆல்கஹாலிலோ அசிட்டோனிலோ ஊறவைத்தால் மூன்று லென்ஸ்களையும் ஒட்டியிருக்கும் பசை கெட்டுவிடும், ப்ரூச்சையும் அப்படித்தான், பின்னால் தகடு ஒட்டிய பழைய கற்களில் தண்ணீர் புகுந்தாலே கல் கறுத்துப்போகும்.