முன்கைக் கட்டிக்காக நாடிய ஒரு சத்திரசிகிச்சைப் பிரிவு

தங்கையின் முன்கையில் சில வாரங்களுக்குள் பாக்களவுக்குத் திரண்ட கட்டியைக் காட்டுவதற்காக, யாழ். நகரிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைப் பிரிவை நாடினோம். இதே கலக்கத்தோடு இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று அங்கு கிடைத்த சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

முதலிற் பாராட்ட வேண்டியது சத்திரசிகிச்சை நிபுணரின் நிதானம். கட்டி வேகமாக வளர்கிறது என்று கேட்டதும் அகலமாக வெட்டியெடுக்க அவர் முனையவில்லை. "பிள்ளை, இது புற்றுநோய் எண்டு இன்னும் ஆரும் சொல்லேல்லை, முதல்ல ஊசியால ஒரு துண்டு எடுத்துப் பாப்பம்" என்று தங்கையிடம் கூறி, ஸ்கான் படத்தைப் பார்த்த பின்னரே பயொப்சிக்கு நாள் குறித்தார். எடுத்த துண்டை இட்ட ஃபோர்மலின் (இழையம் கெடாமற் காக்கும் திரவம்) போத்தலின் லேபிளில் எழுதியிருந்த பெயரையும் வயதையும் 'இடது முன்கை' என்ற குறிப்பையும் தாதி உரத்து வாசித்து, தங்கை சரியென்று சொன்ன பிறகே அதை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்.

முடிவு நொடியூலர் ஃபாசியைட்டிஸ் என்று வந்தது. 1955இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்தத் தீங்கற்ற கட்டி, இளவயதினரின் முன்கையிலேயே அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் 3 சென்ரிமீற்றரைத் தாண்டுவதில்லை. ஆயினும் விரைந்து வளர்வதாலும், நுணுக்குக்காட்டியிற் பார்க்கும்போது கலங்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருப்பதாலும், சார்க்கோமா என்னும் மென்னிழையப் புற்றுநோயாக இதைத் தவறாகக் கருதி, தேவையற்ற பெரிய சத்திரசிகிச்சை செய்துவிடும் அபாயம் உண்டு. எங்கள் நோயியல் நிபுணர் பிரியும் கலங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுகட்டாமல், அப்பிரிவுகள் ஒழுங்கான வடிவில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்து, கண்ணாடித் தகடுகளை இன்னொரு நிபுணருக்கும் காட்டிய பின்னரே கையொப்பமிட்டிருந்தார். ஐயம் நீடித்தால், இந்நோயில் 2011இல் கண்டறியப்பட்ட யூ.எஸ்.பி.6 மரபணு மாற்றத்தைச் சோதித்துத் தெளியலாமாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

குறையொன்றும் உண்டு. அறிக்கையை வைத்தியர் இல்லாத மாலையிற் கரும பீடத்தில் உறையிலிட்டுத் தந்துவிட்டார்கள். விளக்கிச் சொல்ல எவருமின்றி, 'மைற்றோசிஸ்' (கலப்பிரிவு) என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அம்மா அன்றிரவு முழுவதும் அழுதார். இத்தகைய அறிக்கையை வைத்தியரே நேரிற் கொடுக்கும் ஒழுங்கை வைத்தியசாலை உடனே ஏற்படுத்த வேண்டும்.

கட்டணத்தை முன்கூட்டியே எழுதித் தந்தார்கள்; ஆய்வுகூடச் செலவு தனி. இக்கட்டி தானாகவே சுருங்கக்கூடும் என்பதால் கண்காணிப்பதா, எளிய முறையில் அகற்றுவதா என்ற தெரிவைத் தங்கையிடமே விட்டார்கள். அவர் கண்காணிப்பைத் தெரிவுசெய்தார். கட்டி இப்போது தடவினால் மட்டுமே தெரிகிறது. அங்கு செல்வோர் பழைய ஸ்கான் படங்களைக் கையோடு கொண்டு செல்வதும், அறிக்கை பெறும் நாளையும் நிபுணரைச் சந்திக்கும் நாளையும் ஒன்றாக்கித் தரும்படி முதலிலேயே கேட்டுக்கொள்வதும் நல்லது.