கேட்டியா, சாலிட்வொர்க்ஸ், ஃப்ரீகேட்: ஓசூர்ப் பக்கம் வேலைக்கு எதைக் கற்பது?

பருகூரிலும் தருமபுரியிலும் உள்ள அரசு பொறியியல் கல்லூரிகளில் இயந்திரவியல் முடித்து, ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள வாகன உதிரிபாகத் தொழிற்கூடங்களில் வேலை தேடுவோர், கணினியில் உறுப்புகளை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்களில் கேட்டியா கற்பதா, சாலிட்வொர்க்ஸ் கற்பதா என்று தடுமாறுகிறார்கள். கட்டணமே இல்லாத ஃப்ரீகேட்டையும் இவற்றோடு நிறுத்திப் பார்க்கலாம். வண்டியின் எந்தப் பகுதியை வரையப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் ஒப்பிடத் தொடங்கினால் குழப்பமே மிஞ்சும்.

எஞ்சின் உறுப்புகளை முதலில் எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 62 மி.மீ., ஸ்ட்ரோக் 52.9 மி.மீ. என்றால் கொள்ளளவு 159.7 சி.சி. வருகிறது. சாலிட்வொர்க்ஸில் இந்த விட்டத்தைச் சமன்பாடாக எழுதி, பிஸ்டன், ரிங் காடிகள், சிலிண்டர் லைனர் எல்லாவற்றையும் அதனோடு பிணைத்துவிட்டால், 62.5 என்று ஓரிடத்தில் மாற்றியதும் மொத்த அசெம்ப்ளியும் தானே திருந்திக்கொள்ளும். பிஸ்டனின் ஸ்கர்ட் (ரிங்குகளுக்குக் கீழுள்ள பக்கச் சுவர்) முழு வட்டமல்ல. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னின் அச்சுத் திசையில் சற்றுக் குறுகியும், தலைப்பகுதி அதிகம் சூடேறி விரிவதால் மேலே விட்டம் குறைந்தும் இருக்கும். ஆகவே ஒரு வெட்டுமுகத்தைச் சுழற்றி உருவமாக்கும் ரிவால்வ் கட்டளையோடு வேலை முடிவதில்லை, வெவ்வேறு வெட்டுமுகங்களை இணைத்து உருவமாக்கும் லாஃப்ட்டும் தேவைப்படும். அதையும் சாலிட்வொர்க்ஸ் சிரமமின்றிச் செய்கிறது.

இதே பிஸ்டனை ஃப்ரீகேட்டிலும் வரையலாம். ஆனால் அதன் பழைய பதிப்புகளில், தொடக்க ஸ்கெட்ச்சில் ஒரு கோட்டைச் சேர்த்தாலே உருவத்தின் முகங்களுக்கு மென்பொருள் வைத்த எண்கள் மாறி, ஃபில்லட் (விளிம்பை உருட்டி மழுக்கும் வளைவு) வேறொரு விளிம்புக்குத் தாவிவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்திருக்கிறது. எனினும், பல வளைவுகள் ஒரே மூலையில் சந்திக்கும் சிலிண்டர் ஹெட் போன்ற வார்ப்பு உறுப்புகளில் ஃபில்லட் இன்னமும் அடம்பிடிக்கிறது. என் பார்வையில் அதன் பெரிய பலவீனம் இதுதான்.

வெளித்தகட்டுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். 1977இல் பிரான்சின் தஸ்ஸோ விமான நிறுவனத்துக்குள் உருவானது கேட்டியா. பரப்புகளைக் கையாளுவது அதற்குப் பிறவிக் குணம். பைக்கின் பெட்ரோல் டேங்க்கில் இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் வரிக்குதிரைக் கோடுகளை (பரப்பின் சீர்மையைக் காட்ட மென்பொருள் அதன் மேல் விழச்செய்யும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள்) ஓடவிட்டுப் பாருங்கள். கோடுகள் அறுந்து விலகினால் பரப்புகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அவ்வளவே. அறுபடாமல் அதே இடத்தில் முறிந்து திரும்பினால் தொடுகோடு ஒத்துப்போகிறது, வளைவு ஒத்துப்போகவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடினால்தான் பெயிண்ட் அடித்த பின் ஒளி தடுமாறாது. சாலிட்வொர்க்ஸிலும் இந்தச் சோதனை உண்டு. ஆனால் பரப்பை மறுபடி மறுபடி இழைத்துச் சீராக்கும் வசதியில் கேட்டியா வெகுதூரம் முன்னே நிற்கிறது. ஃப்ரீகேட்டை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பயிற்சி மைய விளம்பரங்களில் கேட்டியாவின் பெயருக்குத் தனி மவுசு உண்டு. ஆனால் வேலைத்துண்டைப் பிடித்து நிறுத்தும் ஜிக்கும் ஃபிக்ஸ்ச்சரும் வரையும் சிறு பட்டறையில் லட்சக்கணக்கில் செலவழித்து அந்த உரிமத்தை வாங்கினால், அதன் பெரும்பகுதி தொடப்படாமலே கிடக்கும். பெரிய நிறுவனங்களும் ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பதில்லை: மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களைத் தயாரித்த டைம்லர் 2010இல் கேட்டியாவை விட்டு சீமென்ஸின் என்எக்ஸ் என்ற போட்டி மென்பொருளுக்கு மாறுவதாக அறிவித்தது.

கோப்புப் பரிமாற்றம் தனித் தலைவலி. கேட்டியாவை வெளியிடும் தஸ்ஸோ சிஸ்டம்ஸ் சாலிட்வொர்க்ஸையும் 1997இல் வாங்கிவிட்டது. ஒரே வீட்டுக்கு வந்தும் இரண்டின் உட்கருவும் (வடிவத்தைக் கணக்கிடும் மையப் பகுதி) வேறு. வெவ்வேறு மென்பொருள்களுக்குப் பொதுவான ஸ்டெப் கோப்பாக அனுப்பினால் வடிவம் வந்து சேரும், வரைந்த வரலாறு வராது. அளவைத் திருத்த விரும்புபவர் பல நேரம் அந்த இடத்தை வெட்டியெடுத்து மீண்டும் வரைய வேண்டியிருக்கும். எனவே எஞ்சின் உறுப்பு, ஃபிக்ஸ்ச்சர் பக்கம் போகிறவர் சாலிட்வொர்க்ஸையும், பாடி டிசைன் பக்கம் போகிறவர் கேட்டியாவையும் கற்கட்டும். கல்லூரியில் இருக்கும்போதே வீட்டு லேப்டாப்பில் ஃப்ரீகேட்டைக் கொண்டு ஒரு கனெக்டிங் ராடையாவது முழுதாக வரைந்து பழகிவிட்டால், பிறகு எந்த மென்பொருளில் உட்கார்ந்தாலும் பட்டன்களின் இடம் மட்டுமே புதிதாக இருக்கும்.