டாப்சிலிப் காட்டு பங்களான்னு சொல்லி 16,800 ரூபாயை முழுங்கிட்டானுங்க, குழந்தைங்களோட கிளம்பறவங்க படிச்சுட்டு கிளம்புங்க

கோவத்துல எழுதறேன், தப்பும் தவறுமா இருந்தா கண்டுக்காதீங்க. நேத்து ராத்திரிதான் பொள்ளாச்சியில இருந்து வீடு வந்து சேர்ந்தோம், சின்னவளுக்கு இன்னும் காய்ச்சல் விடல. போனது 16,800 ரூபா. குழந்தைங்களோட காட்டுப்பக்கம் போறவங்க ஏமாறாம எப்படி பிளான் பண்றதுன்னு கடைசியில விவரமா டிப்ஸ் போடறேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

காலாண்டு லீவுக்கு ஊட்டி கொடைக்கானல் வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தோம், இ-பாஸ் எடுத்துட்டுப் போனாலும் மேல போய் டிராஃபிக்லதான் உட்காரணும். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்துல ரெண்டு ராத்திரி, அஞ்சு பாயிண்ட் பத்து பாயிண்ட்னு ஓடாம, காலைல மெதுவா எந்திரிச்சு குரங்கு மானுன்னு வேடிக்கை பாத்துட்டு மத்தியானம் பசங்களைப் போட்டு நானும் தூங்கணும், அவ்வளவுதான். பெரியவனுக்கு யானைப் பைத்தியம். டாப்சிலிப் பக்கத்துல இருக்கற கோழிகமுத்தி யானை கேம்ப் கலீம்னா உயிரு, 2023-ல அந்தக் கும்கி ரிட்டயர் ஆனப்போ வனத்துறைக்காரங்க வரிசையா நின்னு மரியாதை செஞ்ச வீடியோவை சாப்பாட்டு தட்டு முன்னாடி வெச்சுதான் சோறே இறங்கும். அதனால டாப்சிலிப்னு முடிவாச்சு.

ரீல்ஸ் ஓடற ஆப் ஒண்ணுல ஒரு பேஜ். பேரு சொல்லல, கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கோம், இப்போதைக்கு காட்டுக்குள்ள ஸ்டே புக் பண்ணித் தர்ற பேஜ்னு வெச்சுக்கங்க. மரத்து மேல ஒரு வீடு, கீழ தண்ணி, பின்னாடி பச்சைப்பசேல்னு மலை, "டாப்சிலிப் ஃபேமிலி பேக்கேஜ்"னு போட்டு ரெண்டு ராத்திரி ரூம், சாப்பாடு, சஃபாரி, யானை கேம்ப் எல்லாம் சேத்து 16,800. ஃபாலோயர்ஸ் லட்சத்துக்கு மேல, கீழ நூத்துக்கணக்குல கமெண்ட்டு. மெசேஜ் போட்ட உடனே கூப்பிட்டுட்டான்.

நான் எங்க விழுந்தேன்னு சொல்றேன். அவன் காசைப் பத்தி பேசவே இல்லைங்க. "அக்கா, பாப்பாவுக்கு என்ன வயசு, வண்டியில வாந்தி எடுக்குமா? சேத்துமடை தாண்டுனா கடை எதுவும் இருக்காது, பாலு பிஸ்கட் எல்லாம் பொள்ளாச்சியிலயே வாங்கிக்கோங்க, நம்ம சமையக்காரம்மா சுடுதண்ணி வெச்சுத் தருவாங்க, காரம் கம்மியா பண்ணச் சொல்லிடறேன்"னு கூடப்பொறந்தவன் மாதிரி பேசறான். பையன் பக்கத்துல இருந்து கலீமைப் பாக்கலாமான்னு கத்தறான், "தம்பிகிட்ட போனைக் குடுங்கக்கா"ன்னு வாங்கி, "கலீமுக்கு உன் கையாலயே ராகி உருண்டை குடுக்கலாம்டா தங்கம்"னு சொல்றான். எங்க வீட்டுக்காரர் சுலபத்துல யாரையும் நம்பாத ஆளு, அவரே "பையன் நல்லாத்தான் பேசறான், போட்டு விடு"ன்னாரு. ஜிஎஸ்டி நம்பரோட பில்லு, யானைப் படம் போட்ட வவுச்சர், நாலு பேர் பேரும் வயசும் கரெக்டா அடிச்சு அனுப்பினான். முதல்ல 5,000, மறுநாள் "ஃபாரஸ்ட் ஸ்லாட் லாக் பண்ணணும்"னு மீதி 11,800. மொத்தம் 16,800. இதுல எதை செக் பண்ணாம விட்டேன்னு நீங்களே சொல்லுங்க. அங்க சிக்னல் கிடைக்காதுக்கா, வவுச்சரைக் காட்டுனா போதும்னு வேற சொல்லிட்டான், அது எதுக்குன்னு இப்பத்தான புரியுது.

சேத்துமடை செக்போஸ்ட்டுக்கு மத்தியானம் போல போனோம். அங்க இருந்த கார்டு போனை வாங்கி வவுச்சரை விரலால பெருசு பண்ணிப் பாத்தாரு, மேல இருந்து கீழ வரைக்கும் பொறுமையா படிச்சாரு, அப்புறம் வண்டிக்குள்ள குனிஞ்சு பசங்களைப் பாத்தாரு. "ஏனுங்க அக்கா, இது எங்க ரசீதே இல்லீங்க. மேல இருக்கற ரூம் பூராவும் வனத்துறையோடதுங்க, தனியார் பங்களான்னு ஒண்ணு கிடையாது"ன்னாரு. மரவீட்டு போட்டோவைக் காட்டுனேன். சிரிச்சுட்டாரு. "இது தூணக்கடவுங்க, பரம்பிக்குளத்துல இருக்குது, கேரளா ஃபாரஸ்ட்காரங்க மரவீடு. இதே படத்தைத் தூக்கிட்டு போன வாரமும் ஒரு குடும்பம் வந்துச்சு"ன்னு சொன்னாரு பாருங்க, அப்படியே வயிறு எரிஞ்சுது. 2007-லயே புலிகள் காப்பகமா அறிவிச்ச காடு, அதுக்குள்ள இவன் ரூம் விக்கறான், லட்சம் பேரு லைக் போடறானுங்க!

அங்கயே நின்னு கூப்பிட்டேன். முதல் தடவை எடுத்தான், "அக்கா நீங்க லேட்டுக்கா, 12 மணிக்குள்ள செக்-இன் பண்ணணும்"ங்கறான். வவுச்சர்ல 2 மணின்னு இருக்குடான்னா "மேனேஜர்கிட்ட பேசறேன், அவரு காட்டுக்குள்ள இருக்காரு, சிக்னல் இல்ல"ன்னு வெச்சுட்டான். அப்புறம் அக்கா போய் மேடம் ஆயிடுச்சு. வேற ஒருத்தி பேசறா, "ரீஃபண்ட் டீமுக்கு மெயில் போடுங்க மேடம், ஏழு வொர்க்கிங் டேஸ்". மெயில் போட்டா திரும்பி வந்துருச்சு, அப்படி ஒரு அட்ரஸே இல்ல. திரும்ப நச்சரிச்சதுல "யானை நடமாட்டத்தால ஸ்டே க்ளோஸ், உங்க 16,800-ஐ மூணார் பேக்கேஜுக்கு மாத்திக்கலாம், டிஃபரன்ஸ் 4,000 மட்டும் கட்டுங்க"ன்னு மெசேஜ். இன்னும் 4,000 கட்டணுமாம்! திட்டி ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினேன், பிளாக்.

அந்த ஆப்ல ரிப்போர்ட் அடிச்சேன், "இந்தப் பக்கம் எங்க விதிகளை மீறவில்லை"ன்னு அரை மணி நேரத்துல பதில், அவ்வளவு ஸ்பீடு. பேங்க்ல கேட்டா நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பினது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க. ஆன்லைன் பண மோசடிக்கான சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு அடிச்சு கம்ப்ளெயிண்ட் நம்பர் வாங்கியாச்சு, அந்தம்மா ஒருத்தங்கதான் முழுசா காது குடுத்துக் கேட்டாங்க, ஆனா "பணம் கட்டின உடனே கூப்பிட்டிருந்தா அக்கவுண்டை நிறுத்தி வெக்க வாய்ப்பு அதிகம்"னாங்க. பணம் கட்டின அன்னிக்கு அவன் எனக்கு தம்பிங்க, எப்படிக் கூப்பிடுவேன்?

பொள்ளாச்சியில லீவு கூட்டம், கிடைச்ச லாட்ஜுல மூட்டைப்பூச்சி. மறுநாள் ஆழியார் டேமைக் காட்டிட்டு திரும்பிட்டோம். பெரியவன் கலீமுக்குன்னு கேரி பேக்ல வெல்லம் கட்டி எடுத்துட்டு வந்திருக்கான், எனக்கே தெரியாது, லாட்ஜுல பையைக் கொட்டும்போது எறும்பு மொச்சுக்கிட்டு கிடக்குது. 16,800 போனது ஒரு பக்கம், அந்தப் பையன்கிட்ட "கையால ஊட்டலாம்டா தங்கம்"னு சொன்னான் பாருங்க, அவனை என்ன பண்றது.

டிப்ஸ் விவரமா எழுதறேன்னு சொன்னேன், சின்னவ எந்திரிச்சு அழறா, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். டாப்சிலிப்ல தங்கணும்னா ஆனைமலை புலிகள் காப்பகத்தோட சொந்த வெப்சைட்ல மட்டும்தான் புக் பண்ணணும், பரம்பிக்குளம்னா கேரளா வனத்துறை சைட்டு, போற வழி ரெண்டுக்கும் சேத்துமடை டாப்சிலிப் ரோடுதான், ஆனா துறை வேற, அனுமதி வேற. யானை கேம்ப், சஃபாரி எல்லாம் அங்க போய் வனத்துறை வண்டியிலதான், "நைட் சஃபாரி உண்டு"ன்னு எவனாவது சொன்னா அந்த நிமிஷமே போனை வெச்சுருங்க. கிளம்பறதுக்கு முன்னாடி பொள்ளாச்சி வனத்துறை ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுருங்க, வெயில் காலத்துல காட்டுத்தீ பயத்துல மூடினாலும் மூடிருவாங்க. காசு போச்சுன்னு தெரிஞ்சா அவன்கிட்ட கெஞ்சிட்டு நிக்காம நேரா 1930.

அந்தப் பேஜ் இப்பவும் ஓடுதுங்க, அதே தூணக்கடவு போட்டோ, தீபாவளி ஆஃபர்னு போட்டு 14,999. என் பிளாக்கை எடுக்கல, வீட்டுக்காரர் போன்ல பாத்தேன்.