முட்டையைப் பிரிப்பதும் பங்கு பிரிப்பதும்: டிவைட், செபரேட், ஸ்ப்ளிட்

கேக் செய்முறை ஒன்றில் "ஆறு முட்டைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று இருந்தால் என்ன செய்வீர்கள்? தமிழில் படிப்பவர் ஒரு நொடி தயங்குவார். ஆங்கிலத்தில் அந்தத் தயக்கம் வராது. 'டிவைட்' என்று இருந்தால் கிண்ணத்துக்கு மூன்றாக எடுத்து வைக்கலாம். 'செபரேட்' என்றால் ஒவ்வொரு முட்டையாக உடைத்து, வெள்ளைக்கருவை ஒரு கிண்ணத்திலும் மஞ்சள்கருவை இன்னொன்றிலும் ஊற்ற வேண்டும். செய்முறைகளில் வருவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இந்த இரண்டு சொற்களில் எதைப் போடுவது என்று குழம்பினால், பிரிப்பதற்கு முன் அந்தப் பொருள் எப்படி இருந்தது என்று பாருங்கள். ஒரே பொருளாக இருந்ததைப் பங்கு போட்டால் டிவைட். பிசைந்த சப்பாத்தி மாவை எட்டு உருண்டையாக்கினாலும் எல்லாம் அதே மாவுதான். வெவ்வேறு பொருள்கள் கலந்தோ ஒட்டியோ கிடந்து, அவற்றை விலக்கி வைத்தால் செபரேட். முறத்தில் புடைக்கும்போது நடப்பது இதுதான். உமி வேறு, அரிசி வேறு என்பது புடைப்பதற்கு முன்பே உண்மை.

தமிழில் இரண்டுக்கும் 'பிரி' என்றே சொல்கிறோம். ஆனால் வேறுபாடு நம்மிடம் இல்லாமல் இல்லை. அது வினையில் இல்லாமல் பெயரின் வாலில் இருக்கிறது. "நான்கு பங்காகப் பிரி" என்கிறோம்; "உமியிலிருந்து அரிசியைப் பிரி" என்கிறோம். மனதில் 'ஆக' வந்தால் டிவைட், 'இலிருந்து' வந்தால் செபரேட். எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்றாலும் பத்தில் எட்டு முறை கைகொடுக்கும். ஆங்கில இலக்கணப் புத்தகத்தைப் புரட்டுவதைவிட நம் வேற்றுமை உருபைக் கேட்பது எனக்கு எளிதாகவே இருக்கிறது.

அரசியல் பாடத்திலும் இதே கதைதான். நம் அரசமைப்பின் ஏழாவது அட்டவணை, சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்றாக வகுக்கிறது. இது டிவிஷன். சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றும் ஒன்றின் வேலையில் மற்றொன்று கைவைக்காமல் விலகி நிற்பது செபரேஷன். தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதினால் விடையே மாறிவிடும்.

அப்புறம் ஸ்ப்ளிட். இதில் வேகமும் விசையும் உண்டு. பெரும்பாலும் இரண்டாகத்தான் பிளக்கும், அதுவும் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோட்டை ஒட்டி. விறகை இழையோட்டத்தில் கோடாலி பிளப்பது ஸ்ப்ளிட். குறுக்கே அறுப்பதற்கு அந்தச் சொல் ஒட்டாது. உளுந்தம்பருப்பு பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். நாம் 'உடைத்த உளுந்து' என்பதை அதில் ஸ்ப்ளிட் என்று அச்சடித்திருப்பார்கள். பருப்பு நடுக்கோட்டில் விண்டு இரண்டு பாதியாகிறது, நொறுங்குவதில்லை. ஸ்ப்ளிட் ஏசியும் அப்படித்தான். ஒரு பாதி அறைக்குள், மறுபாதி மொட்டைமாடியில், நடுவே செப்புக்குழாய். இயந்திரம் ஒன்றுதான் என்பதால் இங்கே செபரேட் வராது.

ஒரு தம்பதியைப் பற்றி மூன்று சொற்களையும் சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். செபரேட்டட் என்றால் தனித்தனியே வாழ்கிறார்கள், திருமணம் இன்னும் முறியவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் இதற்கு 10ஆவது பிரிவும் விவாகரத்துக்கு 13ஆவது பிரிவும் தனித்தனியே இருக்கின்றன. ஸ்ப்ளிட் என்றால் பேச்சுவழக்கில் உறவு முறிந்துவிட்டது. காதலர்களுக்கும் இது பொருந்தும். டிவைடட் என்றால் பிரியவே இல்லை. மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான். இந்த மூன்றாவதைத் தவறாகப் போட்டால் ஒரு குடும்பத்தின் நிலைமையையே மாற்றிச் சொன்னதாகிவிடும்.

குப்பையைத் தரம் பிரிப்பதற்கு இந்திய ஆங்கிலத்தில் செக்ரிகேட் என்பது நிலைத்துவிட்டது. அதன் லத்தீன் வேரில் மந்தை இருக்கிறது. மந்தையிலிருந்து விலக்குவது என்று பொருள். அமெரிக்கருக்கு அதைக் கேட்டதும் நிறவெறிக் காலம் நினைவுக்கு வரும். அவர்களுக்கு எழுதும்போது, குப்பைக்குச் சார்ட் (sort) என்று போடுவது நல்லது.

கடைசியாகச் சீவர். உறுப்பையோ உறவையோ ஒரே வெட்டில் அறுப்பது, மீண்டும் ஒட்டாது என்ற தொனியோடு. செபரேட்டும் இதுவும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். சீவர் பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இன்றைக்கும், குழந்தைக்குத் தாய்ப்பால் மறக்கடிப்பது என்றுதான் பொருள்.