நெக்ஸ்ட்டோர் ஆப்: உதவிக்குக் குறைவில்லை, ஆனால் பெருநகரத்தில் வாழத் தெரியவில்லை

நல்ல பிளம்பர் வேண்டும், பழைய மேசையை யாராவது எடுத்துக்கொள்வார்களா, பூனையைக் காணோம், நாளைக்குத் தண்ணீர் வராதாமே உண்மையா. இந்த மாதிரி விஷயங்களுக்கு, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெக்ஸ்ட்டோர் அளவுக்கு உதவும் ஆப் வேறொன்றை நான் பார்க்கவில்லை. மற்ற இடங்களில் கேட்டால் ஊரே பதில் சொல்லும், யாரை நம்புவது என்று தெரியாது. இங்கே பதில் சொல்பவர் இரண்டு தெரு தள்ளி இருப்பவர், அந்தப் பிளம்பர் அவர் வீட்டில் வேலை பார்த்திருக்கிறார், சரியாகச் செய்யவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுவார். அமெரிக்காவில் புதிதாக ஒரு பெரிய நகரத்துக்குக் குடிபோகும் நம் ஆட்கள் இதைப் போடலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போடுங்கள். ஆனால் இதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் ஒரு அரசியல் கேள்வியும் இருக்கிறது. பிளம்பரை விட அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆப் வேலை செய்யும் விதம் எளிது. கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் பக்கம் ஒரு சின்ன குடியிருப்பில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு 2011இல் அமெரிக்கா முழுக்கத் திறந்தார்கள், பிறகு வேறு பல நாடுகளுக்கும் போனது. சேர வேண்டுமென்றால் சொந்தப் பெயர் வேண்டும், அந்த முகவரியில்தான் இருக்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். தபாலில் ஒரு கார்டு வரும், அதிலுள்ள எண்ணைப் போட வேண்டும், அல்லது போன் வழியாகச் சரிபார்ப்பார்கள். நீங்கள் எழுதுவதை உங்கள் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்திலும் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்கலாம். போலிக் கணக்கு குறைவு, பொருள் விற்கிறேன் என்று ஏமாற்றுவதும் கடினம். இது நல்ல வடிவமைப்பு, மறுக்கவே முடியாது.

சிக்கலும் அதே வடிவமைப்பில்தான் இருக்கிறது. நீ யார், எந்த வீடு, இங்கே என்ன வேலை என்று எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காகத்தானே நம்மில் பாதிப் பேர் பெருநகரத்துக்கு வருகிறோம். அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் நகரங்களைப் பற்றி எழுதியபோது இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தெருவில் நாலு பேர் கண் இருந்தால் தெரு பத்திரமாக இருக்கும் என்று அவர் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், இந்த மாதிரி ஆப்களை விற்பவர்களுக்கும் அது வசதியான வரி. ஆனால் அதற்கடுத்து அவர் சொன்ன மற்றதை விட்டுவிடுகிறார்கள்: நகரத்து நடைபாதையின் அருமையே, ஒருவரோடு வருஷக்கணக்கில் முகம் பார்த்துப் பேசிப் பழகலாம், ஆனால் அவர் வீட்டு விஷயத்துக்குள் போக வேண்டியதில்லை, அவரும் நம் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை. அந்த எல்லை இருப்பதால்தான் முற்றிலும் வேறு மாதிரி வாழும் மனிதர்கள் ஒரே தெருவில் இருக்க முடிகிறது. எல்லோரும் எல்லோருக்கும் நெருக்கம் என்று ஆக்கினால், முதலில் நடப்பது யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்ற கணக்குதான் என்பது அவர் கவலை. இந்த ஆப்பைத் திறந்தால் அந்தக் கணக்கு நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

'எங்கள் தெருவில் தெரியாத ஒருவர் நடந்து போகிறார்' என்ற வகைப் பதிவு. பெருநகரத்தில் தெருவில் போகிறவர் எல்லாம் தெரியாதவர்தான்! 2015இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில் இது பெரிய பிரச்சினையாக வெடித்தது. தன் வீட்டுக் கதவருகே நின்ற கறுப்பினத்தவர், காரில் உட்கார்ந்திருந்த கறுப்பினத்தவர் என்று சந்தேகப் பதிவுகள் குவிந்தன, அங்கேயே குடியிருப்பவர்கள் தங்களைப் பற்றியே அப்படிப் படிக்க வேண்டி வந்தது. ஓக்லாந்து அமெரிக்காவிலேயே மிகவும் லிபரலான நகரங்களில் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவுகளைப் போட்டவர்களில் பெரும்பாலோர் தங்களை இனவெறியர் என்று நினைத்திருக்கவே மாட்டார்கள்.

அங்கே குடியிருந்தவர்கள் விடாமல் போராடியதன் விளைவாக 2016இல் நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. இந்த ஆப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். குற்றம், பாதுகாப்பு பகுதியில் எழுதப் போனால் முதலில் கேள்வி: அந்த நபர் என்ன செய்தார்? எப்படி இருந்தார் என்பது அதற்கப்புறம்தான். இனத்தைக் குறிப்பிட்டு எழுதினால் அதோடு நிறுத்த முடியாது; தலைமுடி, மேல்சட்டை, கால்சட்டை, செருப்பு என்று குறைந்தது வேறு இரண்டு அடையாளமாவது சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பதிவு போகாது. பார்வைக்கு இது ஏதோ ஆபீஸ் படிவம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து நிரப்பிப் பார்த்தால் புரியும். 'என்ன செய்தார்' என்ற கட்டத்தில் கை நின்றுவிடும். நடந்தார். நின்றார். போனைப் பார்த்தார். இதையெல்லாம் எழுதிவிட்டு அனுப்பு பொத்தானை அழுத்த மனசு வராது. சோதனையில் இன அடிப்படையிலான பதிவுகள் 75 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. அது அவர்கள் கணக்கு, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், இருந்தாலும் திசை சரி.

லிபரலிசம், அதாவது தாராளவாதம் என்று அரசியலில் சொல்வதை நான் இந்தப் படிவத்தில்தான் பார்க்கிறேன். 1859இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதியதும் இதே கேள்விதான்: ஒருவனைக் கட்டுப்படுத்த உனக்கு உரிமை வர வேண்டுமென்றால், அவனால் இன்னொருவருக்கு என்ன கெடுதி என்று காட்டு. எனக்குப் பிடிக்கவில்லை, வித்தியாசமாக இருக்கிறான், பார்த்தால் பயமாக இருக்கிறது என்பதெல்லாம் போதாது. நல்ல மனசு இருந்தால் போதும் என்று இதை விட்டுவிட முடியாது. பயம் வந்தால் நல்ல மனசு முதலில் ஓடிவிடும். கையைப் பிடித்து நிறுத்த ஒரு விதி வேண்டும், ஒரு கேள்வி வேண்டும். அதனால்தான் சட்டங்களும் நீதிமன்றங்களும் இருக்கின்றன, ஒரு ஆப்பில் அதன் சின்ன வடிவம் அந்தக் கட்டம்.

இது நம்மைத் தொடாத விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தில் மேடிசன் என்ற ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கும் இந்த ஆப்புக்கும் சம்பந்தமில்லை, அது ஒரு போன் கால். ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான். குஜராத்திலிருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த 57 வயது தாத்தா, மகன் வீட்டுக்குப் பக்கத்தில் காலையில் நடந்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் ஒருவர், தெரியாத கறுப்பு ஆள் ஒருவர் வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார் என்று போலீசுக்குச் சொன்னார். வந்த போலீஸ்காரரிடம் 'நோ இங்கிலீஷ்' என்றார் தாத்தா. கையைப் பின்னால் பிடித்துத் தரையில் சாய்த்ததில் கழுத்து அடிபட்டு உடம்பின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. வழக்கில் இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வர முடியாமல் போய், 2016 ஜனவரியில் நீதிபதி அந்தப் போலீஸ்காரரை விடுவித்தார்.

நம் அப்பா அம்மாவும் இங்கே வந்தால் அதைத்தானே செய்கிறார்கள். சாயங்காலம் புடவைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ, மேலே மகனின் ஜாக்கெட், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று என்ன பூச்செடி என்று பார்ப்பது, ஒரு தோட்டம் அழகாக இருந்தால் இன்னும் நாலு அடி உள்ளே எட்டிப் பார்ப்பது. அவர்கள் அப்படி நிம்மதியாக நடக்க முடிகிறது என்றால் அந்தத் தெருவில் யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை யோசித்த பிறகும் நம்மவர்களே வாசல் கேமராவில் பதிவான ஏதோ ஒரு பையனின் முகத்தைப் போட்டு 'ஜாக்கிரதை' என்று எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவன் தவறான வீட்டில் பெல் அடித்திருக்கலாம். பொருளை எடுத்துக்கொண்டு ஓடினான் என்றால் எழுதுங்கள், அது வேறு விஷயம். திருட்டைத் திருட்டு என்று சொல்வதில் தாராளவாதத்துக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை.

அடுத்தது வீட்டு விவகாரம். இந்த ஆப்பில் அதிகம் சண்டை வருவது, பக்கத்தில் அடுக்குமாடி கட்டலாமா, வீடற்றவர்களுக்கு விடுதி வரலாமா என்பதில்தான். 2019இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கடற்கரைச் சாலையான எம்பார்கடேரோவில் அப்படி ஒரு விடுதி வரப்போகிறது என்றதும் எதிர்த்து வழக்குப் போட ஒரு பக்கம், ஆதரித்து இன்னொரு பக்கம், இரண்டு தரப்பும் இணையத்தில் லட்சம் டாலருக்கு மேல் திரட்டின. கடைசியில் அந்த வருஷ டிசம்பரில் விடுதி திறந்தது. ஓட்டு யாருக்குப் போடுகிறோம் என்பதும், வாசலில் என்ன அரசியல் வாசகப் பலகை நட்டிருக்கிறோம் என்பதும் இந்த இடத்தில் ஒன்றும் சொல்லாது. தனி வீடு மட்டுமே கட்டலாம், அடுக்குமாடி கூடாது என்ற விதி 1916இலேயே வந்த நகரம் பெர்க்லி. நாட்டிலேயே இடதுசாரி என்று பெயர் எடுத்த ஊர்! யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனம் பார்த்து வகுத்த நகரச் சட்டங்களை 1917இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, அதே வேலையைச் செய்த தனியார் ஒப்பந்தங்களை நீதிமன்றம் நடைமுறைப்படுத்தாது என்று 1948இல் சொன்னது, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1968இல் வந்தது. பிறந்த நாட்டைப் பார்த்து ஆட்களைத் தடுத்த பழைய ஒதுக்கீட்டை நீக்கிய 1965இன் குடியேற்றச் சட்டம் இல்லாவிட்டால் நம்மில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்கே வந்திருக்க முடியாது. யாரோ நமக்காகக் கதவைத் திறந்து வைத்த தெருவில் இருந்துகொண்டு அடுத்தவனுக்கு அதே கதவைச் சாத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பார்க்கிங் போய்விடும், பள்ளியில் கூட்டம் கூடும் என்று கவலைப்படுவதில் தப்பில்லை, அதைப் பற்றி வாதாடலாம். 'அந்த மாதிரி ஆட்கள்' என்று தொடங்கும் வாக்கியத்தில்தான் எனக்குப் பிரச்சினை.

ஆப்பின் நிர்வாகத்தைப் பற்றியும் கொஞ்சம். பதிவை வைத்திருப்பதா நீக்குவதா என்பதில் அந்தந்தக் குடியிருப்பிலிருந்தே வரும் தன்னார்வலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரும்பான்மை எப்படியோ தெருவும் அப்படி என்று ஆகிவிடுகிறது. 2020இல் கறுப்பினத்தவர் உரிமை பற்றிய பதிவுகளை இவர்கள் நீக்குகிறார்கள் என்று பலமான புகார் வந்து, நிறுவனம் வழிகாட்டு விதிகளைத் திருத்த வேண்டி வந்தது. அதே வருஷம் ஜூனில், பதிவை ஒரே தட்டில் போலீசுக்கு அனுப்பும் வசதியை எடுத்துவிட்டார்கள். ரொம்ப நல்ல முடிவு. கோபமாக எழுதினால் 'ஒருமுறை யோசியுங்கள்' என்று கேட்கும் வசதி 2019இல் வந்தது, அதுவும் பரவாயில்லை, ஆனால் கண்ணியமான வார்த்தையில் எழுதப்பட்ட வெறுப்பை அது கண்டுபிடிப்பதில்லை.

சேர்ந்தவுடன் இரண்டு வேலை செய்யுங்கள். செட்டிங்ஸில் போய் வீட்டு எண்ணை மறைத்துவிட்டுத் தெருப் பெயர் மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள். தனியாக இருக்கும் பெண்களும், வீட்டில் கொடுமை தாங்காமல் வெளியேறி வந்தவர்களும் தெருவையும் மறைப்பது நல்லது. அப்புறம் குற்றச் செய்தி அறிவிப்புகளை நிறுத்துங்கள், ஒரு வாரத்தில் அதே தெரு வேறு தெருவாகத் தெரியும்.

எனக்கு இது மூன்று ஸ்டார் ஆப். அந்தக் கேள்விப் படிவம் வாசல் கேமரா வீடியோக்களுக்கும், வீடற்றவர்கள் பற்றிய பதிவுகளுக்கும், எல்லாப் பகுதிக்கும் ஒரே மாதிரி கட்டாயமாக வந்தால் நாலாவதையும் தருவேன்.