புளியரை மலைப்பாதையில் ஃபோக்ஸ்வேகன் விர்டஸ்

செங்கோட்டையில் குடியிருந்து புனலூரில் வேலை பார்க்கும் எனக்கு, அன்றாடப் பயணத்திற்கு அழகான செடான் ஒன்று ஒத்துவருமா என்ற கேள்விக்கான விடை, இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள புளியரை மலைப்பாதையில்தான் கிடைக்க வேண்டியிருந்தது. 2022இல் இந்தியச் சந்தைக்கு வந்த விர்டஸின் 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் இன்ஜின்) வகையை, ஆறு கியர் மேனுவலில் ஓட்டிப் பார்த்தேன்.

999 சிசி, மூன்று சிலிண்டர் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போ, காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால், 115 பிஎஸ் திறனும் 178 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கிடைக்கின்றன. அந்த முறுக்குவிசை இன்ஜின் நிமிடத்துக்கு 1,750 முறை சுழலும்போதே (1,750 ஆர்பிஎம்) முழுமையாக வந்துவிடுவதால், ஆரியங்காவு நோக்கி மூச்சிரைத்து ஏறும் சரக்கு லாரியை, எதிரே பாதை தெளிவாகத் தெரிந்ததும், மூன்றாம் கியரிலேயே முந்த முடிகிறது. இன்ஜின் சுழற்சி அதற்குக் கீழே போனால், எந்தச் சிறு டர்போ இன்ஜினையும்போல, இதுவும் சற்று யோசிக்கிறது. வளைவுகளில் இரண்டாம் கியருக்கு மாற்றச் சோம்பல்படக் கூடாது.

521 லிட்டர் டிக்கியில் பாவூர்சத்திரத்துக் காய்கறி மூட்டைகள் தாராளமாக அடங்கும். 179 மில்லிமீட்டர் தரை இடைவெளி எங்கள் ஊர் வேகத்தடைகளுக்குப் போதுமானது. 2023இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றதும் மனத்துக்கு நிம்மதி. தாழ்வான இருக்கையிலிருந்து எழ, மூட்டுவலி உள்ள அப்பாவுக்கு மட்டும் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. செடான் என்றாலே இது உண்டு.

தென்காசிக் கடைவீதிக்குள் மட்டுமே சுற்றுபவர்களுக்கு டர்போ வீண் செலவு. தினமும் மலையைக் கடக்கும் நான் முன்பணம் கட்டிவிட்டேன்.