அப்பாவுக்காக வீட்டுக்கே வர்ற பிசியோ

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசம் ஆச்சு, வலது பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு, பேச்சும் போயிடுச்சு. மதுரை அண்ணா நகர்ல எங்க வீட்டுக்கே வாரம் 3 நாள் ஒரு பிசியோதெரபி சர்வீஸ்ல இருந்து வர்றாங்க.

முதல் நாளே அப்பாவை விட எனக்குத்தான் நிறைய சொல்லிக்கொடுத்தாங்க. வராத கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்கவே கூடாதாம், தோள்பட்டை மூட்டு இறங்கிடுமாம், நான் அதுவரைக்கும் அப்படித்தான் தூக்கிட்டு இருந்தேன், நெஞ்சு பதறிடுச்சு. இப்போ அவர் இடுப்புல பெல்ட் கட்டி, நான் முட்டியை மடக்கி நின்னு, "ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு சேர்ந்து எந்திரிக்கிறோம். என் முதுகுவலியும் பாதி குறைஞ்சுது.

பேச்சு வராதவங்களுக்குக்கூட சில சமயம் பாட்டு வரும்னு வீட்டுக்கு வர்ற அந்த பிசியோ தங்கச்சிதான் சொன்னாங்க. அம்மா பழைய பாட்டு ஒண்ணு பாட ஆரம்பிச்சாங்க பாருங்க, அப்பா கூடவே ரெண்டு வரி தெளிவா பாடிட்டாரு, மூணு பேரும் அழுதுட்டோம்.

நேரம் மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். ஃபீஸ் முதல்லயே பேசிக்கோங்க. போன வாரம் வலது கையால டம்ளரைப் பிடிச்சு, இடது கையை அண்டை கொடுத்து, காபி முழுசா அவரே குடிச்சாரு.